சனிக்கிழமை இல்லாத வாரம்

கோயிலில் தேதி வாங்கியாயிற்று,
மேளத்துக்கு முன்பணமும் போயிற்று,
அறுபதாம் கல்யாணத்தை விட்டுவிட்டு
யாராவது கப்பலில் போய் உட்காருவார்களா
என்று ஈசூனிலிருந்து கத்தினாள் நாத்தனார் கமலவேணி.
தனராஜ் தொலைபேசியை மேசையில் கவிழ்த்துவிட்டுக்
காலுறை மடித்துக்கொண்டிருந்தார்.
முப்பத்தோராண்டு மின்தூக்கி பழுதுபார்த்தவர்.
மேலும் கீழுமாகவே போன மனிதர்.
ஒருமுறையாவது
பக்கவாட்டில் போக வேண்டும் என்றார்.

சிட்னிவரை விமானம். பிறகு கப்பல்.
முதல் மூன்று நாள் அவர் கடலையே பார்க்கவில்லை.
ஏழாம் தளத்தில் கதவு அரை நொடி தாமதிக்கிறது,
கம்பி எண்ணெய் கேட்கிறது,
யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று
பொத்தானை அழுத்தி அழுத்திக் காது கொடுத்தார்.
நான்காம் நாள் நிறுத்திவிட்டார்.
சாய்வு நாற்காலியில் வாய் திறந்து தூங்கினார்.
வயிற்றின் மேல் தொப்பி
மூச்சுக்கு மூச்சு
ஏறி இறங்கியது. அது மட்டும்தான்.

தீவுகள் வந்தன, போயின.
நீரின் நிறத்தை என்னவென்று சொல்வது?
எங்கள் வீட்டுப் பாத்திரச் சோப்பின் நிறம்.
அழகைச் சொல்ல எனக்கு வேறு பொருள் கிடைக்கவில்லை.
ஒரு தீவில், சிறு படகில் இறங்கி நடந்தபோது
சேற்றில் குனிந்து ஒருத்தி களை பறித்தாள்.
சேம்பு! இலையைப் பார்த்ததும் கத்திவிட்டேன்.
நிமிர்ந்தாள். எங்கள் தொப்பிகளை எண்ணினாள்.
மறுபடி குனிந்துகொண்டாள்.
வியாழன்தோறும் இரண்டாயிரம் தொப்பி பார்ப்பவள்
இதற்குமேல் என்ன செய்வாள்?

ஃபிஜி தாண்டியதும் மாலுமித் தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார்:
நாளையும் செவ்வாய்க்கிழமை.
கோடு ஒன்று இருக்கிறதாம் கடலில்,
யாரும் போடாத கோடு.
முதல் செவ்வாய் நாங்கள் சண்டை போட்டோம்,
கமலவேணிக்கு என்ன வாங்குவது என்று.
சிப்பி மாலை போதும் என்றேன்.
அதுவே அதிகம் என்றார்.
இரண்டாம் செவ்வாய்
மழை வந்தது, மேல்தளமெங்கும் ஓடினார்கள்,
நாங்கள் எழுந்திருக்கவில்லை.
அவர் கோப்பைக்குள் மழை விழுந்து
கோப்பி வெளுத்தது. குடித்தார்.
ஊருக்குத் தெரியாமல் கிடைத்த நாளில்
எதற்கு ஓடுவது?

கொடுத்ததைத் திரும்பி வருகையில் வாங்கிக்கொண்டது கடல்.
வெள்ளி இரவு படுத்தோம்,
ஞாயிறு காலை எழுந்தோம்.
கதவிடுக்கில் தினம் வரும் நிகழ்ச்சித் தாளில்
சனிக்கிழமைக்குத் தாளே இல்லை.
அன்றுதான் அவருக்கு அறுபது.
கட்டிலில் உட்கார்ந்து
விரல்விட்டு இருமுறை எண்ணிப் பார்த்தவர்
சிரிக்கத் தொடங்கினார்.
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டும்வரை சிரித்தார்.

தெலுக் பிளாங்கா. பதினான்காம் மாடி.
தரை இன்னும் ஆடுகிறது.
சமையலறைச் சன்னலுக்கு வெளியே
நங்கூரமிட்ட கப்பல்கள் அசையாமல் நிற்க
நான்தான் அசைகிறேன், கையில் கரண்டியோடு.
குளிர்பதனப் பெட்டியின் கதவில்
இரண்டு செவ்வாய்க்கிழமைகளை ஒட்டிவைத்திருக்கிறேன்.

சிப்பி மாலையைக் கழுத்தில் போட்டுப் பார்த்தபடி
கமலவேணி கேட்டாள்: அப்போது விசேஷத்தை எப்போது வைப்பது?
அவர் நிதானமாகச் சொன்னார்:
அறுபது வரவே இல்லை அக்கா,
ஐம்பத்தொன்பதிலிருந்து நேராக இறங்கிவிட்டேன்.

புதன்கிழமை அஞ்சல்பெட்டியில் ஒரு கடிதம்.
மூத்தோர் பயண அட்டைக்கு அவர் தகுதி பெற்றுவிட்டாராம்.
பிறந்த தேதி, அடையாள எண், எல்லாம் சரி.
கடலில் விழுந்த நாளை
யாரோ ஓர் அலுவலகத்தில்
கணக்கில் எடுத்துவிட்டார்கள்.

அட்டையைப் போய் வாங்கிவந்தார், மறுக்கவில்லை.
மேசை இழுப்பறையில்
சிட்னி விமானச் சீட்டின் அடியில் கிடக்கிறது.
பேருந்தில் ஏறும்போது
பழைய அட்டையைத்தான் தட்டுகிறார்.
முழுக் கட்டணம்.
எனக்கு வயிறு எரிகிறது, ஒவ்வொரு தட்டுக்கும்.
சன்னலோரம் உட்கார்ந்து
பக்கவாட்டில் போகிறார்.